கூஸ் ஏரியில் பாஸ் கிட்டார் ஒலித்ததா?

ஐம்பது வருடம் ஒரு மனிதர் மேல் ஒரு பழி இருந்தது. 1970 ஆகஸ்ட் 8, சனிக்கிழமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜாக்சன் நகருக்குப் பக்கத்திலுள்ள கூஸ் ஏரிக்கரையில் பெரிய ராக் விழா ஒன்று நடந்தது. அதில் ஸ்டூஜஸ் என்ற ராக் குழுவின் பாஸ் கிட்டார் (கீழ்ச்சுரங்களை வாசிக்கும் கிட்டார்) கலைஞர் டேவ் அலெக்ஸாண்டர் போதையில் மேடையேறி, பாட்டெல்லாம் மறந்துபோய், ஒரு சுரம்கூட வாசிக்காமல் நின்றார் என்பது அந்தப் பழி. மேடையை விட்டு இறங்கியதும் பாடகர் ஐகி பாப் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். நீக்கியது உண்மை, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாசிக்கவில்லை என்பதுதான் வழக்கு.

இப்படி ஒரு விஷயத்துக்கு ஐம்பது வருட விவாதமா என்று கேட்கலாம். ஸ்டூஜஸ் ரசிகர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். இருந்தபோது ஆள் சேராத குழு அது. பிரிந்த பிறகு, பங்க் என்ற முரட்டு ராக் இசையின் முன்னோடி என்று ஊரே கொண்டாடியது. அப்படிப்பட்ட குழுக்களுக்கு ஆவணம் குறைவு, கதை அதிகம். யார் எந்த மேடையில் என்ன செய்தார் என்பதெல்லாம் பேட்டிகளிலும் நினைவுகளிலும்தான் இருக்கும். பேட்டி கொடுத்தவர்களில் பாதிப்பேர் அந்தக் காலத்தில் தெளிவான நிலையில் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குழு

1967-ல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரத்தில் நான்கு இளைஞர்கள் சேர்ந்த குழு இது. ஐகி பாப் என்ற ஜேம்ஸ் ஆஸ்டர்பர்க், ரான் ஆஷ்டன், அவர் தம்பி ஸ்காட் ஆஷ்டன், டேவ் அலெக்ஸாண்டர். கிட்டார் ரான், டிரம்ஸ் ஸ்காட், பாஸ் அலெக்ஸாண்டர். இவர்களில் அலெக்ஸாண்டர் பற்றி ஒரு பழைய கதை உண்டு. 1965-ல் பள்ளியின் கடைசி வருட முதல் நாளில், ஒரு பந்தயத்தில் ஜெயிப்பதற்காக 45 நிமிடத்தில் படிப்பையே விட்டுவிட்டு வெளியே வந்தவர். அப்புறம் மோட்டார் சைக்கிளை விற்று, ரானோடு இங்கிலாந்துக்குப் போய், ஹூ என்ற ராக் குழுவின் நிகழ்ச்சியை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிற்பாடு ஸ்டூஜஸ் எந்தத் திசையில் போனதோ அதற்கு அந்தப் பயணத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

1968-ல் எலெக்ட்ரா என்ற இசைத்தட்டு நிறுவனம் டெட்ராய்ட் வட்டாரத்துப் பிரபலங்களான எம்.சி. 5 குழுவோடு சேர்த்து இவர்களையும் ஒப்பந்தம் செய்தது. 1969-ல் வந்த முதல் இசைத்தட்டை வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் இருந்த ஜான் கேல் தயாரித்தார். 1970 ஜூலையில் 'ஃபன் ஹவுஸ்' வந்தது. இந்த இரண்டாவது தட்டுதான் நம் வழக்குக்கு முக்கியம்.

'ஃபன் ஹவுஸ்' பதிவானது 1970 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸில். தயாரிப்பாளர் டான் கலூச்சி. ஸ்டுடியோவில் ஒலியை அடக்கப் போட்டிருந்த விரிப்புகளையெல்லாம் எடுத்துவிட்டு, மேடைக் கச்சேரி போலவே எல்லோரும் ஒரே அறையில் நின்று வாசித்தார்கள். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் சரியாக அமையும்வரை அதையே திரும்பத் திரும்ப. அந்தப் பதிவு நாட்களின் நாடாக்கள் முழுவதையும் 1999-ல் 7 சிடிக்களாக வெளியிட்டார்கள். ஒரே பாட்டை வரிசையாக இருபது தடவைக்கும் மேல் கேட்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அது ஒரு புதையல். எனக்கு அந்தப் பொறுமை பாதிதான் உண்டு. ஆனால் கூஸ் ஏரி வழக்கில் அந்த ஏழு சிடியும் ஒரு சாட்சி. மே மாதம் இத்தனை தடவை வாசித்த அதே ஏழு பாட்டுகளைத்தான் ஆகஸ்டில் மேடையிலும் வாசித்தார்கள். மூன்று மாதத்தில் அத்தனையும் ஒருவருக்கு அடியோடு மறந்துபோவது அவ்வளவு எளிதான காரியம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 'டர்ட்', '1970' ஆகிய இரண்டு பாட்டுகளின் இசையையும் பெரும்பாலும் அமைத்தவர் அலெக்ஸாண்டர்தான் என்று ஐகியும் ரானும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். முதல் தட்டில் 'வி வில் ஃபால்', 'லிட்டில் டால்' இரண்டும் அப்படித்தான். ஆக, பாட்டை மறந்தவர் என்று பெயர் வாங்கியவர் அந்தப் பாட்டுகளில் சிலவற்றை உருவாக்கியவர்.

விழா

கூஸ் ஏரி விழா ஆகஸ்ட் 7 முதல் 9 வரை மூன்று நாள் நடந்தது. நடத்தியவர் ஒரு கட்டுமானத் தொழிலதிபர். உட்ஸ்டாக் என்ற பெரிய இசை விழா முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அங்கே நடந்த குளறுபடிகள் இங்கே வரக்கூடாது என்று நிறையவே செலவு செய்திருந்தார். மேடை சுழலும் மேடை. முன்பக்கம் ஒரு குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் அடுத்த குழு தன் கருவிகளை வைத்துக்கொள்ளலாம். டிக்கெட் 15 டாலர். உட்ஸ்டாக்கில் வேலி விழுந்து கூட்டம் இலவசமாகப் புகுந்ததை மனதில் வைத்து, இங்கே சுற்றிலும் உயரமான கம்பி வலை வேலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் சுமார் 2,00,000 பேர். ஜெத்ரோ டல், டென் இயர்ஸ் ஆஃப்டர், சிக்காகோ, ஃபேசஸ் எல்லாம் வாசித்த விழா அது. உள்ளூர்ப் பையன்களான ஸ்டூஜஸ் அந்தப் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

வேலிக்குள்ளே போதைப்பொருள் வெளிப்படையாக விற்றது. மாநில ஆளுநர் வில்லியம் மில்லிகன் அதைக் கடுமையாகக் கண்டித்தார். நடத்தியவர் மேல் வழக்குப் போட்டார்கள், அவர் விடுதலையானார். அந்த இடத்தில் அப்படியொரு விழா அதற்குப் பிறகு நடக்கவில்லை.

இந்தச் சூழலைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்டூஜஸ் மேடையேறியதைப் பற்றி மூன்று கதைகள் உலவின. ஒன்று, அலெக்ஸாண்டர் கதை. இரண்டாவது, வேலியைப் பிடுங்கி எறியுங்கள் என்று ஐகி கூட்டத்தைத் தூண்டினார் என்பது. மூன்றாவது, அதைக் கண்டு பயந்த அமைப்பாளர்கள் பாதியிலேயே மின்சாரத்தைத் துண்டித்து நிகழ்ச்சியை நிறுத்தினார்கள் என்பது. இந்த மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கிப்பிடித்தன. வேலி, போதை, கலவரம் என்று அந்த விழாவுக்கே ஒரு பெயர் இருந்ததால் எதைச் சொன்னாலும் நம்பும்படி இருந்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

பழி ஏன் நிலைத்தது

வெறும் வம்பாக இருந்திருந்தால் இந்தக் கதை பத்து வருடத்தில் ஓய்ந்திருக்கும். அது நிலைத்ததற்குக் காரணம், ஸ்டூஜஸ் வரலாற்றுக்கு அது வசதியாக இருந்தது. ஜூலையில் 'ஃபன் ஹவுஸ்' மாதிரி ஒரு தட்டு வருகிறது. அடுத்த வருடக் கோடைக்குள் குழுவே கலைந்துவிடுகிறது. நடுவில் என்ன ஆயிற்று? உண்மையான விடை அழுக்கானது, மெதுவானது. தட்டு விற்கவில்லை, நிறுவனம் கைவிட்டது, ரானைத் தவிர மற்றவர்கள் ஹெராயினில் விழுந்தார்கள். இதைச் சொல்ல நேரம் பிடிக்கும். அதைவிட, ஒரு மேடை, ஒரு ஊமையான பாஸ் கிட்டார், ஒரு நீக்கம் என்று சொன்னால் கேட்பவருக்குச் சட்டென்று பிடிபடும். சரிவு தொடங்கிய நாள் இதுதான் என்று காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டலாம்.

குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்துப் பேசவும் இல்லை. குழுவை விட்டுப் போன அலெக்ஸாண்டர் 1975 பிப்ரவரி 10 அன்று ஆன் ஆர்பரில் இறந்தார். கணைய அழற்சியில் தொடங்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. வயது 27. பங்க் என்ற பெயர் பரவி, பத்திரிகைகள் ஸ்டூஜஸைத் தேடி வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அப்போது பேச மற்றவர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. நீக்கியவர்களின் பக்கத்துக் கதை மட்டுமே பதிவாயிற்று, அவ்வளவுதான். நீக்கியதற்கு எவ்வளவு பெரிய காரணம் இருந்ததோ அவ்வளவுக்கு மனசாட்சி நிம்மதியாக இருக்கும். இது எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான்.

நாடா

2020 ஆகஸ்ட் 7 அன்று, ஐம்பதாண்டு நிறைவுக்கு ஒரு நாள் முன்பு, ராக் கலைஞர் ஜாக் ஒயிட்டின் தேர்ட் மேன் இசைத்தட்டு நிறுவனம் அந்த நிகழ்ச்சியின் முழுப் பதிவையும் வெளியிட்டது. மிச்சிகனில் ஒரு பண்ணை வீட்டின் நிலவறையில் இத்தனை வருடமும் கிடந்த ரீல் டேப் அது. விழாவின் ஒலிப்பதிவு வேலையில் இருந்த ஒருவரின் குடும்பத்திடமிருந்து வந்தது. கூட்டத்தில் நின்று யாரோ திருட்டுத்தனமாகப் பிடித்த பதிவாக இல்லாமல், மேடையின் மைக்குகள் வந்து சேரும் ஒலிக்கலவை மேசையிலிருந்து நேராக எடுத்தது. ஸ்டூஜஸின் ஆரம்பகால அணி வாசித்த நிகழ்ச்சி ஒன்று இப்படிப் பதிவானதாக வேறு எதுவும் வெளிவந்ததில்லை.

பாட்டு வரிசை: 'லூஸ்', 'டவுன் ஆன் தி ஸ்ட்ரீட்', 'டி.வி. ஐ', 'டர்ட்', '1970', 'ஃபன் ஹவுஸ்', 'எல்.ஏ. ப்ளூஸ்'. முதல் இரண்டும் இடம் மாறியிருப்பதைத் தவிர, 'ஃபன் ஹவுஸ்' தட்டு அப்படியே மேடையில் நடந்திருக்கிறது. தட்டில் வாசித்த சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டீவ் மக்கேயும் இருக்கிறார்.

பாஸ் கிட்டாரும் இருக்கிறது.

இதைக் கேட்க நல்ல ஹெட்ஃபோன் வேண்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். 'டர்ட்' வந்ததும் தெரிந்துவிடும். அந்தப் பாட்டின் கட்டுமானமே அப்படி. டிரம்ஸும் பாஸும்தான் அதைச் சுமக்கின்றன, கிட்டார் அதன்மேல் வந்து போகிறது. பாஸ் இல்லாத 'டர்ட்' நடக்கவே நடக்காது, நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி எல்லோருக்கும் தெரியும். 'ஃபன் ஹவுஸ்' பாட்டும் ஒரே பாஸ் சுழற்சியின் மேல் நிற்பது, அதன்மேல்தான் சாக்ஸஃபோனும் கிட்டாரும் தங்கள் இஷ்டத்துக்கு அலைகின்றன. ஒரு சுரம்கூட வாசிக்காமல் நின்றவர் என்ற குற்றச்சாட்டு இங்கே அடிபட்டுப்போகிறது.

ஆனால் விவாதம் முடியவில்லை. ஒரு தரப்பு ரசிகர்கள் கேட்டது இது: சரி, வாசித்தார், ஒழுங்காக வாசித்தாரா? இது நியாயமான கேள்விதான். தட்டில் இருக்கும் துல்லியம் இங்கே இல்லை என்பதை அவருக்காக வாதாடுகிறவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அங்கங்கே தடுமாற்றம் உண்டு. ஆனால் அன்றைய வாசிப்பில் தடுமாறாதவர் யார்? மொத்தக் குழுவும் கட்டவிழ்ந்து ஓடுகிற நிகழ்ச்சி அது. அதுதான் அதன் அழகும். ஒருவரை மட்டும் தனியாகப் பிடித்து மதிப்பெண் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே ஒலிப்பதிவு பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விவாதத்தில் பாதி இதைக் கவனிக்காமலே நடந்தது. கலவை மேசைப் பதிவில் கேட்பது கூட்டம் கேட்டதே அல்ல. மேடையில் ஆம்ப்கள் (கருவிகளின் ஒலிபெருக்கிகள்) தாங்களாகவே பேரிரைச்சல் எழுப்பும். அதற்கு மைக் வைத்து மேசைக்கு அனுப்ப அதிகம் தேவைப்படாது. பாடகரின் குரலுக்குத்தான் மைக்கே கதி. அதனால் இந்த வகைப் பதிவுகளில் குரல் பெரிதாகவும் கருவிகள் சிறிதாகவும் கேட்பது வழக்கம். ஆகவே இந்த மாதிரி நாடா ஒரு பக்கச் சாட்சி. ஒரு கருவி அதில் கேட்டால், அது வாசிக்கப்பட்டது என்பது உறுதி. கேட்காவிட்டால், வாசிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. மேசைக்கு வரவில்லை என்றுதான் சொல்லலாம். அலெக்ஸாண்டரின் அதிர்ஷ்டம், அவர் பாஸ் மேசைக்கு வந்திருக்கிறது. எங்கேயாவது நாலு இடத்தில் அது மங்கினால் அந்த நாலு இடத்தை வைத்து அவரைத் தண்டிக்க முடியாது.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் அவர் வாசிக்கவில்லை என்று நினைத்தார்கள்? என் ஊகம் இது. 1970-ல் மேடையில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் வசதி மிகச் சொற்பம். இன்றைக்குப் பாடகரின் காதிலேயே ஒலி வந்து விழுகிறது. அன்று பெரிய ஆம்ப்களுக்கு முன்னால், மேடையின் விளிம்பில், கூட்டத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்த ஐகிக்குப் பின்னால் நிற்பவரின் பாஸ் எவ்வளவு கேட்டிருக்கும்? ஓரிரு இடத்தில் அவர் தாமதமாகச் சேர்ந்திருப்பார், அதைக் கண்டு இவருக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்த இடம் மட்டும் நினைவில் நிற்கும். வருடம் போகப்போக அது முழு நிகழ்ச்சியாக வளர்ந்துவிடும். இதில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது கதை, மின்சாரத்தைத் துண்டித்தது. நாடாவில் ஏழு பாட்டும் இருக்கின்றன, தட்டில் எது கடைசியோ அதுதான் இங்கேயும் கடைசி. பாதியில் நின்ற நிகழ்ச்சிக்கு இது பொருந்தவில்லை. இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'எல்.ஏ. ப்ளூஸ்' என்பது தாளம், மெட்டு எதுவும் இல்லாத முழு இரைச்சல். அது எப்போது முடிகிறது என்பதே வாசிப்பவர்களின் முடிவு. அதன் கடைசி நொடியில் யாராவது ஒயரைப் பிடுங்கியிருந்தாலும் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது! அதனால் இந்தக் கதையை முழுதாகக் கொல்ல முடியாது என்று ஒரு சாரார் இன்னும் சொல்வதில் கொஞ்சம் குறும்பும் கொஞ்சம் நியாயமும் உண்டு. வேலி விஷயம் இதைவிடச் சிக்கல். ஐகி மேடையில் பேசியதெல்லாம் பாட்டும் கத்தலும் கலந்த பேச்சு. எதைத் தூண்டுதல் என்பது, எதைப் பாட்டு என்பது? அதை மைக் தீர்மானிக்க முடியாது.

தலைகீழ் வழக்கு

இதே குழுவுக்கு நேர் எதிரான இன்னொரு வழக்கும் உண்டு. கூஸ் ஏரியில் நாடா வந்து கதையை உடைத்தது. டெட்ராய்ட்டின் மிச்சிகன் பேலஸ் அரங்கில் நாடாவே கதையை உருவாக்கியது.

1974-ல் ஸ்டூஜஸ் முற்றிலும் நொடிந்திருந்தது. நடுவில் குழு மறுபடி சேர்ந்து, பாடகர் டேவிட் போவியின் ஆதரவில் 'ரா பவர்' தட்டு வந்து, அதுவும் விற்காமல் போயிருந்தது. ஜேம்ஸ் வில்லியம்சன் கிட்டாருக்கு வந்துவிட்டார், ரான் பாஸுக்கு மாறியிருந்தார். பிப்ரவரி 9 அன்று மிச்சிகன் பேலஸில் நடந்ததுதான் கடைசி நிகழ்ச்சி. சில நாட்களுக்கு முன்பு வெய்ன் என்ற ஊரில் ஒரு சிறிய அரங்கில் மோட்டார் சைக்கிள் கும்பல் ஆசாமி ஒருவர் ஐகியை அடித்து வீழ்த்தியிருந்தார். ஐகி வானொலியில் போய், முடிந்தால் மிச்சிகன் பேலஸுக்கு வாருங்கள் என்று அந்தக் கும்பலுக்குச் சவால் விட்டார். விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. முட்டை, பனிக்கட்டி, மிட்டாய், பீர் பாட்டில் எல்லாம் மேடைக்குப் பறந்தன.

ஒரு ரசிகர் அதை ரீல் டேப்பில் பதிவு செய்திருந்தார். 1976-ல் பிரான்சின் ஸ்கைடாக் நிறுவனம் 'மெட்டாலிக் கே.ஓ.' என்ற பெயரில் அதைத் தட்டாக வெளியிட்டது. ஸ்டூஜஸின் கடைசி இரவு என்று அறிவித்துத்தான் விற்றார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் பங்க் வெடித்துக்கொண்டிருந்த வருடம் அது. அந்த இளைஞர்களுக்கு இந்தத் தட்டு கிட்டத்தட்ட ஒரு பாடப்புத்தகம். விமர்சகர் லெஸ்டர் பாங்ஸ் 1977-ல் எழுதினார்: பீர் பாட்டில் பறந்து வந்து கிட்டார் கம்பியில் மோதி உடையும் சத்தத்தை நிஜமாகவே கேட்கக்கூடிய ஒரே ராக் தட்டு இதுதான் என்று. இந்த ஒரு வரி, தட்டைவிடப் பிரபலமாயிற்று.

பிறகு தெரிந்தது: தட்டின் முதல் பக்கம் கடைசி இரவே அல்ல. அது அதே அரங்கில் 1973 அக்டோபர் 6 அன்று நடந்த நிகழ்ச்சி. இரண்டாவது பக்கம்தான் பிப்ரவரி 9. 1988-ல் இரண்டு இரவுகளையும் விரிவாக்கி 'மெட்டாலிக் 2 எக்ஸ் கே.ஓ.' என்று வெளியிட்டபோது ரசிகர்களுக்குப் பெரிய வேலை கிடைத்தது. முதல் பக்கத்தில் 'ரா பவர்', 'ஹெட் ஆன்', 'கிம்மி டேஞ்சர்' மூன்றையும் சாகப்போகிற குழுவின் மூச்சுத்திணறல் என்று எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள், எழுதியும் இருந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு நான்கு மாதம் அந்தக் குழு ஊர் ஊராக வாசித்துக்கொண்டுதான் இருந்தது. அட்டையில் போட்ட தேதி காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பாட்டில் உடையும் சத்தம்? இதில் நான் கொஞ்சம் பாங்ஸின் எதிர்க்கட்சி. பிப்ரவரி இரவில் கண்ணாடி பறந்தது என்பதில் சந்தேகமில்லை. யாரோ தலையைப் பார்த்து எறிந்த பாட்டிலுக்கு ஐகி மைக்கில் நன்றியே சொல்கிறார். ஆனால் கண்ணாடி கம்பியில் பட்டதா, தரையில் பட்டதா என்பதைக் கூட்டத்திலிருந்து வந்த அந்த இரைச்சல் பதிவிலிருந்து பிரித்துச் சொல்வதற்கு, அந்த வரியை முன்பே படித்திருக்க வேண்டும். படித்தபிறகு கேட்காமல் இருப்பதும் கஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பீர் பாட்டில் விவாதத்தில் ஒரு விஷயம் அடிபட்டுப்போகிறது: குழு வாசிப்பதை நிறுத்தவே இல்லை. ஸ்காட் தர்ஸ்டன் பியானோவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். பின்னாளில் ராக் பாடகர் டாம் பெட்டியோடு வருடக்கணக்கில் வாசித்தவர் இவர். கூட்டத்தை எரிச்சலூட்டவே ஐகி 'லூயி லூயி'யைத் தொடங்குகிறார், முழுக்க ஆபாச வரிகளோடு. இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1963-ல் கிங்ஸ்மென் குழு பாடிய 'லூயி லூயி'யில் ஆபாசம் ஒளிந்திருப்பதாகப் புகார் வந்து, அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. மாதக்கணக்கில் விசாரித்தது. எந்த வேகத்தில் ஓட்டினாலும் வார்த்தை புரியவில்லை என்று கடைசியில் கைவிட்டது. அந்தப் பதிவில் கீபோர்டு வாசித்த சிறுவன்தான் டான் கலூச்சி, ஏழு வருடம் கழித்து 'ஃபன் ஹவுஸை' தயாரித்தவர். அரசாங்கம் தேடிக் கிடைக்காத வரிகளை ஐகி மிச்சிகன் பேலஸில் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கும்படி பாடிக் காட்டினார். அடுத்த வாரம் மறுபடி முயற்சி செய்யுங்கள் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு இறங்கினார். அந்த அடுத்த வாரம் வரவில்லை.

அந்த அரங்கம் இப்போதும் இருக்கிறது, ஒருவிதத்தில். 1926-ல் கட்டிய ஆடம்பரத் திரையரங்கு அது. எழுபதுகளின் பிற்பகுதியில் உள்ளே கான்கிரீட் தளங்கள் போட்டு வாகன நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். முழுதாக இடித்தால் ஒட்டியிருக்கும் அலுவலகக் கட்டடத்துக்கு ஆபத்து என்பதால் கூரை பிழைத்தது. ஹென்றி ஃபோர்டு தன் முதல் வண்டியைச் செய்த பட்டறை அதே இடத்தில்தான் இருந்தது என்பது டெட்ராய்ட்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் விஷயம்.

நீக்கத்துக்குப் பிறகு

திரும்ப அலெக்ஸாண்டரிடம் வருவோம். கூஸ் ஏரி நாடா அவர் வாசித்ததை நிரூபித்தது. அவரை நீக்கியது தவறு என்று அது நிரூபிக்கவில்லை. ரசிகர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் 2020-ல் விவாதம் தேவையில்லாமல் சூடானது. அவர் அதிகம் குடித்தார் என்பதைக் குழுவில் யாரும் மறைத்ததில்லை. ஒரு குழு தன் ஆளை ஒரு நிகழ்ச்சியை வைத்து நீக்குவதும் அரிது. முன்பே சேர்ந்திருந்த எரிச்சலுக்கு அன்று ஒரு சாக்கு கிடைத்திருக்கும். ஆனால் சாக்கு என்ன என்பதும் முக்கியம். குடித்ததற்காக நீக்கப்பட்டவர் என்று வரலாறு எழுதியிருந்தால் அது ஒரு சோகம். கையில் கருவியை வைத்துக்கொண்டு சும்மா நின்றவர் என்று எழுதியது ஒரு இசைக்கலைஞனுக்குச் செய்யக்கூடிய மோசமான அவமானம். அதுதான் பொய்.

அவருக்குப் பதிலாக வந்தவர் குழுவின் சாமான் சுமக்கும் வேலையில் இருந்த ஸீக் ஸெட்னர். சில மாதத்தில் அவரும் போய் ஜிம்மி ரெக்கா வந்தார். 1971 நிகழ்ச்சிகளில் குழு முழுக்கப் புதுப் பாட்டுகளையே வாசித்தது. 'டர்ட்' இல்லை, 'ஃபன் ஹவுஸ்' இல்லை. எந்தத் தட்டுக்காக இன்று அவர்களைக் கொண்டாடுகிறோமோ அதை ஒரு வருடம்கூட மேடையில் வைத்திருக்கவில்லை. அதனால்தான் அந்தப் பண்ணை வீட்டு ரீலுக்கு இவ்வளவு மதிப்பு. அலெக்ஸாண்டர் மேல் இருந்த பழி தீர்ந்தது இரண்டாம்பட்சம் என்றுகூட நான் சொல்வேன். 'ஃபன் ஹவுஸ்' வாசித்தவர்களே அதை மேடையில் முழுதாக வாசிப்பதை நல்ல ஒலியில் கேட்க இருக்கும் வழி இது.

2003-ல் ஐகியும் ஆஷ்டன் சகோதரர்களும் மறுபடி சேர்ந்தபோது ரான் கிட்டாருக்குத் திரும்பினார், முதல் இரண்டு தட்டுகளின் பாட்டுகள் மேடைக்குத் திரும்பின. பாஸுக்கு வந்தவர் மினிட்மென் குழுவின் மைக் வாட், அலெக்ஸாண்டரின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர். 2010-ல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் ஸ்டூஜஸைச் சேர்த்தபோது டேவ் அலெக்ஸாண்டர் பெயரும் அதில் இருந்தது. நாடா வெளிவர அப்போது இன்னும் பத்து வருடம் பாக்கி.